நேரடி ஒளிபரப்பில் ஒரு சிக்குன்குனியா

அத்தியாயம் 17

"படிக்கவெல்லாம் வேண்டாம். கையெழுத்து மட்டும் போடு" என்று வழக்கறிஞர் பக்கீர் முகமது தன் மனைவியிடம் ஒரு பச்சைத் தாளை நீட்டியபோது மணி காலை ஏழு பத்து.

இருபத்துமூன்று வருஷமாக அவர் கட்சிக்காரர்களிடம் சொல்லிவரும் வாக்கியம் அது. அவர்களும் போட்டுவிடுவார்கள். ஆனால் ஹஃபீசா கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் நடுவில் எந்த வரியில் பிள்ளை ஏமாற்றியிருக்கிறது என்று தேடுகிற ரகம். அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

குமாஸ்தா சவுரிமுத்து போன வாரம் டீ குடித்துக்கொண்டே வாய்தவறி உடைத்த விஷயம் அந்த வீட்டில் இன்னும் சூடு ஆறவில்லை. ஊரப்பாக்கத்தில் ஹஃபீசாவின் பெயரில் இருக்கிற அரை கிரவுண்டுக்காக நடந்துவந்த வழக்கு, செங்கல்பட்டு கோர்ட்டில் தள்ளுபடியாகிவிட்டது. காரணம், வாதி தரப்பில் ஆள் இல்லை. வாதியின் வக்கீல் வேறு யாருமில்லை, வாதியின் கணவர்தான். தள்ளுபடியானதை மூன்று வாரத்துக்கும் மேலாக அவர் வீட்டில் சொல்லவில்லை.

அந்த மனை ஹஃபீசா மெட்ரிகுலேஷன் பள்ளியில் சாக்பீஸ் தூளைச் சுவாசித்து வாங்கியது. பக்கத்து மனைக்காரர் ஒரு நாள் ஆறடி தள்ளிச் சுவர் எழுப்பினார். அந்த ஆறடிதான் அவள் மனைக்குள் போகிற வழி. இப்போது மனை நான்கு பக்கமும் அடைத்துக்கொண்ட ஒரு பச்சைக் கட்டம். ஆடுகூடத் தாண்டிக் குதித்தால்தான் மேய முடியும். நான்கு வருஷ வழக்கு, பதினாறு வாய்தா. காசு கொடுக்காத கட்சிக்காரி என்பதால் அவள் வழக்குக் கட்டு எப்போதும் அலமாரியின் கீழ்த்தட்டிலேயே கிடந்தது.

தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப்போட முப்பது நாள் கெடு. இன்று முப்பதாவது நாள்.

ஹஃபீசா பச்சைத் தாளில் இருந்த பிரமாண வாக்குமூலத்தைப் படித்தாள்.

'மேற்படி தினத்தன்று வாதியாகிய எனக்குக் கடுமையான சிக்குன்குனியா கண்டு, எழுந்து நடமாட இயலாத நிலையில் இருந்தபடியாலும், என்னைக் கவனித்துக்கொள்ள வேறு ஆள் இன்மையால் என் வழக்கறிஞர் என் அருகிலேயே அமர்ந்திருக்க நேர்ந்தபடியாலும்...'

"என் வழக்கறிஞர் எதுக்குங்க என் கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருக்கணும்?"

"அது சட்ட பாஷை."

"அன்னைக்கு நான் ஸ்கூல்ல இருந்தேன். ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு."

"ஸ்கூல் ரெஜிஸ்டரை யார் பார்க்கப் போறா?"

"டிவியை யார் பார்க்கப் போறான்னுதான் அன்னைக்கும் நினைச்சீங்க."

பக்கீர் முகமது பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

அவருடைய பொதுவாழ்க்கையைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டு வாசலில் தொங்கும் பலகையே அதைச் சொல்லிவிடும். 'வழக்கறிஞர்' என்று மட்டும் இருந்த பலகை அது. முதல் கட்சியில் சேர்ந்தபோது அதன் அடியில் 'சமூக சேவகர்' ஏறியது. இரண்டாவது கட்சியில் 'சிந்தனையாளர்'. கட்சி எதுவும் இல்லாத காலத்தில் இஸ்திரிப் பெட்டிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று முந்நூற்றுப் பதினெட்டு ஓட்டு வாங்கினார். டெபாசிட் போன துக்கத்தில் வீட்டில் ஒரு மாதம் யாரும் அவர் கண்ணில் படும்படி துணி தேய்க்கவில்லை. இப்போது மூன்றாவது கட்சி. பலகையில் கடைசியாக ஏறியது 'தொலைக்காட்சிப் புகழ்'.

அந்தப் புகழ் பொழிச்சலூரில் ஒரு ரீசார்ஜ் கடையின் மாடியிலிருந்து கிளம்புகிறது. ரத்தினம் என்பவருடைய கேபிள் சேனலில் செவ்வாய்தோறும் காலை பதினோரு மணிக்கு 'உங்கள் வீட்டு வக்கீல்'. நேயர்கள் போனில் சந்தேகம் கேட்பார்கள், இவர் தீர்ப்பார். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் ஓய்ந்ததும் தொடர்வார். பல்லாவரம், பம்மல் வட்டாரத்தில் அதை ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி பதிவாவது ஞாயிற்றுக்கிழமை. ஆனால் செவ்வாய்க்கிழமை திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் 'நேரடி ஒளிபரப்பு' என்று போடச் சொன்னவர் பக்கீர் முகமதுதான். நேரடி என்றால்தான் மரியாதை. சேனலைச் செங்கல்பட்டு வரைக்கும் இழுக்கச் சொல்லி ரத்தினத்தை நச்சரித்தவரும் அவரேதான். ரத்தினம் இழுத்துவிட்டார். இழுத்த மூன்றாவது வாரம் ஹஃபீசாவின் வழக்கு வந்தது.

அன்றைக்கு நகராட்சித் தேர்தலில் சீட்டுக் கேட்பவர்களுக்குக் கட்சி ஆபீஸில் நேர்காணல். பக்கீர் முகமது தன் புகைப்பட ஆல்பத்தோடு அங்கே வரிசையில் நின்றார். கோர்ட்டுக்கு ஒரு மெமோ போயிற்று. வக்கீலுக்குச் சிக்குன்குனியா, கை விரலைக்கூட மடக்க முடியவில்லை, வாய்தா வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் காய்ச்சல் இருந்ததால் நீதிபதி நம்பிவிட்டார். எதிர்த் தரப்பு வக்கீல் சாம்பசிவன்தான் எழுந்து, வக்கீல் இந்த நிமிஷம் டிவியில் நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கிறார் ஐயா, கோர்ட் கேன்டீனிலேயே ஓடுகிறது என்றாராம். நீதிபதி டவாலியை அனுப்பினார். டவாலி பார்த்துவிட்டு வந்து, உண்மைதானய்யா, ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசுகிறார் என்றான்.

ஆக ஒரே நேரத்தில் பக்கீர் முகமது மெமோவின்படி கட்டிலில் இருந்தார், டிவியின்படி பொழிச்சலூரில் இருந்தார், நிஜத்தில் கட்சி ஆபீஸ் வராந்தாவில் இருந்தார். இருக்க வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் இல்லை. அந்த மெமோ பொய் என்று தெரிந்துவிட்டதால்தான் இப்போது காய்ச்சல் மனைவிக்கு மாறியிருந்தது.

"நோன்பு பிறக்க ஒரு வாரம் இருக்கு. என்னைப் பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றீங்க" என்றாள் ஹஃபீசா.

பக்கீர் முகமது டிவிக் குரலுக்கு மாறினார். பொய் என்று சொல்லக்கூடாது, இது நடைமுறை, கோர்ட்டில் தினம் நூறு பேருக்குக் காய்ச்சல் வருகிறது, எந்த நீதிபதியும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை என்றெல்லாம் விளக்கினார்.

ஷோகேஸைத் திறக்கும் சத்தம் கேட்டது. ரத்தினம் வாராவாரம் கொடுத்தனுப்பும் சி.டி.க்களில் ஒன்றைத் தேதி பார்த்து உருவிக்கொண்டிருந்தவள், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் தபஸ்ஸும். அந்த ஷோகேஸில் முன்பு பீங்கான் கோப்பைகள் இருந்தன. இப்போது நாற்பத்தொரு பக்கீர் முகமதுகள்.

"அத்தா, அம்மாவுக்குக் காய்ச்சல்னு எழுதறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாருங்க. சாம்பசிவன் சார்கிட்டயும் ஒரு காப்பி இருக்காம். ரத்தினம் அங்கிளே சொன்னாரு."

கம்ப்யூட்டரில் நிகழ்ச்சி ஓடியது. மூலையில் சிவப்பு எழுத்து. முதல் அழைப்பு சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து, பெயர் சொல்ல விரும்பாத விவசாயி. அது சவுரிமுத்து. இரண்டாவது பல்லாவரத்திலிருந்து ஒரு சகோதரி.

அது ஹஃபீசா.

ஆரம்ப நாளிலிருந்தே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பதிவாகும் நிகழ்ச்சிக்கு வெளியாள் எவன் போன் செய்வான்? கேள்வியைப் பக்கீர் முகமது எழுதிக் கொடுப்பார், வீட்டிலிருப்பவர்கள் முறைவைத்துக் கேட்பார்கள். அந்த வாரம் மட்டும் எழுதிக் கொடுக்க மறந்துபோனார். அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. ஹஃபீசா வாயில் வந்ததைக் கேட்டு வைத்தாள்.

"சார், என் மனை கேஸ் நாலு வருஷமா இழுக்குது. என் வக்கீல் வாய்தா மேல வாய்தா வாங்கறார். நான் என்ன சார் செய்யணும்?"

திரையில் பக்கீர் முகமது கண்ணை மூடினார். ஒரு விமானம் போயிற்று. கண்ணைத் திறந்தார்.

"சகோதரி, உங்கள் நிலத்துக்கு வில்லங்கம் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. உங்கள் வக்கீல்தான். கட்சிக்காரரை மதிக்காத வக்கீலிடம் ஒரு நாள்கூட வழக்கை வைக்காதீர்கள். நாளைக்கே மாற்றுங்கள். இது உங்கள் வீட்டு வக்கீலின் அன்புக் கட்டளை."

கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்த நிஜ பக்கீர் முகமது தன் குரலை ரசித்து மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முறை ஆட்டிய பிறகுதான் அர்த்தம் உறைத்தது.

சிக்குன்குனியாவில் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததாகச் சத்தியம் செய்யப்போகிற பெண்மணி, அதே நாள் அதே மணிக்கு 'நேரடியாக' டிவியில் பேசியிருக்கிறாள். அந்தப் பச்சைத் தாளில் கையெழுத்து விழுந்தால் வழக்கு திரும்பி வராது. ஹஃபீசாதான் போலீஸ் ஸ்டேஷன் போய் வரவேண்டியிருக்கும்.

அவள் தாளை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்த சவுரிமுத்துவிடம், வக்கீலை மாற்ற என்ன வழி என்று கேட்டாள்.

அறுபது வயதை நெருங்கும் சவுரிமுத்துவின் துணிப்பையில் மாற்று வேட்டி இல்லாவிட்டாலும் நிரப்பாத வக்காலத்துப் படிவம் எப்போதும் இருக்கும். ஒன்றை உருவினார். உருவிய பிறகுதான் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

"புச்சு வக்காலத்து ரெடிம்மா. ஆனா பழைய வக்கீலு அதுல ஆட்சேபணை இல்லைன்னு எய்தி ஒரு கையெய்த்து போடணும். இல்லாங்காட்டி எந்த வக்கீலும் கட்டைத் தொடமாட்டான். அது ஒரு மருவாதி."

"போட மாட்டேன்" என்றார் பக்கீர் முகமது. "இருபத்துமூணு வருஷ பிராக்டீஸ்ல என்கிட்டேர்ந்து ஒருத்தன் கட்டு வாங்கினது கிடையாது. பொண்டாட்டியே கட்டைத் தூக்கிட்டுப் போனாள்னா பார் ரூம்ல நான் எப்படித் தலை காட்டறது?"

"பதினாறு வாய்தா வாங்கின தலைதானே?" என்றாள் ஹஃபீசா.

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. கட்சியின் மாவட்ட ஆபீஸ். கட்சியிலிருந்து போன் வந்தால் உட்கார்ந்துகொண்டே பேசமாட்டார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் இன்னும் கொஞ்சம் விறைத்தார். "ஆமாங்க தலைவரே", "இதோங்க தலைவரே", "பன்னிரண்டு மணிக்கேவா தலைவரே" என்று முகம் விடிந்துகொண்டே போயிற்று. ஹஃபீசா வக்காலத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். இது கட்டு மாற்றுகிற காகிதம், படித்துவிட்டுப் போடுங்கள் என்று தெளிவாக இரண்டு தடவை சொன்னாள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "படிக்க நேரமில்ல" என்று எரிந்து விழுந்துவிட்டு, ரசிகனின் ஆட்டோகிராப் நோட்டில் போடுவதுபோல் வாலைச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதே முக்காலுக்கு ஹஃபீசாவும் சவுரிமுத்துவும் செங்கல்பட்டு ரயிலில் இருந்தார்கள். ஊரப்பாக்கம் வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மனை தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் திசையைப் பார்த்தால் பதினாறு வாய்தாவும் ஞாபகம் வரும்.

சவுரிமுத்து அழைத்துப்போன இடம் வக்கீல் அபிதகுஜாம்பாளின் அறை. பார் அசோசியேஷன் தேர்தலில் பக்கீர் முகமதைத் தோற்கடித்தவர். வக்காலத்தின் மூலையில் இருந்த கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்துக்கொண்டார். பிறகு, அன்றைக்கு ஆஜராகாததற்கு என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டார்.

"நடந்ததை எழுதுங்க மேடம்."

அபிதகுஜாம்பாள் பேனாவை மூடி வைத்தார். "நடந்ததை எழுதி நான் இதுவரைக்கும் ஒரு பெட்டிஷன் போட்டதில்ல டீச்சர். எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

"நான் எழுதித் தர்றேன்."

தேற்றம் நிரூபிப்பதுபோல் எழுதினாள். ஒன்பது வரி. என் வழக்கறிஞர் என் கணவர். அன்று அவருக்குக் காய்ச்சல் இல்லை, எனக்கும் இல்லை. அவர் கட்சி ஆபீஸில் இருந்தார். டிவியில் வந்தது இரண்டு நாள் முன்னால் பதிவானது. நேரடி என்று திரையில் போட்டது பொய். பல்லாவரத்துச் சகோதரி நான்தான், அதற்கு வெட்கப்படுகிறேன். வழக்கு நாள் எனக்குச் சொல்லப்படவில்லை. தள்ளுபடியானதும் சொல்லப்படவில்லை. என் மனைக்குப் போக எனக்கு வேறு வழி இல்லை.

அபிதகுஜாம்பாள் படித்து முடித்தபோது முகத்தில் கேலி இல்லை. வழக்கு திரும்பி வந்துவிடும் என்றார். ஆனால் இது கோர்ட் ரெக்கார்டு, சாம்பசிவனுக்கு ஒரு நகல் போகும், அவர் அதை எத்தனை நகல் எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை, மெமோவில் பொய் சொன்ன வக்கீலை பார் கவுன்சிலும் கூப்பிட்டுக் கேட்கும் என்றார். அவருக்கு வேண்டாதவர்தான் பக்கீர் முகமது. இருந்தும் மூன்று முறை கேட்டார், போடட்டுமா என்று.

ஹஃபீசா மூன்று முறையும் தலையாட்டினாள். மூன்றாவது முறை கொஞ்சம் மெதுவாக.

தட்டச்சு, கோர்ட் கட்டண ஸ்டாம்ப், சரிபார்ப்பு என்று இழுத்து, மனு வாங்குகிற கவுண்டரின் வரிசையில் நிற்கும்போது மணி நாலு. நாலரைக்கு மூடிவிடுவார்கள். முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அப்போது அவளுடைய போன் அடித்தது.

"எங்க இருக்கே? எதையும் கொடுத்துடாதே" என்றார் பக்கீர் முகமது மூச்சு வாங்க. கையெழுத்துப் போட்டது எதில் என்று மதியச் சாப்பாட்டின்போதுதான் ஞாபகம் வந்ததாம். ஆனால் அவர் போன் செய்தது அதற்காக அல்ல.

அவர் கேட்ட வார்டை மாவட்டச் செயலாளரின் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வார்டு பெண்கள் வார்டு. குடும்பத்தில் யாராவது இருந்தால் தருகிறோம் என்றார்களாம்.

"உன் பேரைக் கொடுத்துட்டேன். ஓகே ஆயிடுச்சு. நாளைக்கு மூணு மணிக்குள்ள வேட்பு மனு. நீதான் வேட்பாளர், ஹஃபீசா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவர் பேசிக்கொண்டே போனார். அவள் எதற்கும் கவலைப்பட வேண்டாம், வார்டு வேலையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார், மேடையிலும் அவரே பேசுவார், போஸ்டர்கூட யோசித்தாகிவிட்டது, அவர் படம் பெரிசாக, கீழே அவள் படம் ஓரமாக. அவள் நடந்ததைத்தான் எழுதியிருப்பாள், இந்த நேரத்தில் அந்த மனு வெளியே போனால் பல்லாவரத்துச் சகோதரி யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவருக்காக வேண்டாம், அவளுக்காக. ஆறடி நிலம்தானே, கவுன்சிலர் ஆனால் அந்தச் சுவரை அதிகாரியைவிட்டே இடிக்கலாம்.

வெட்கத்தைவிட்டுச் சொல்லவேண்டுமானால், ஹஃபீசாவுக்கு உள்ளே என்னவோ இனித்தது. பள்ளிக்கூடத்துச் சந்தில் மூன்று வருஷமாக மூடாமல் கிடக்கும் சாக்கடை கண்முன்னால் வந்தது. அதை மூடச் சொல்லி எழுந்து பேசுவது யார் என்று பார்த்தால், தானே நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிகூடப் புதுசு. அப்படி எவ்வளவு நேரம் நின்றாளோ, தன்மேலேயே பயங்கர எரிச்சல் வந்தது. இந்த வியாதிக்குச் சிக்குன்குனியாவே தேவலை. அதற்காவது மாத்திரை உண்டு.

"இன்னாம்மா, குடுக்கறியா, எட்த்துக்கினு போறியா? டைம் ஆவுதுல்ல" என்றார் கவுண்டர்காரர். முன்னாலிருந்த இரண்டு பேரும் எப்போதோ போயிருந்தார்கள்.

சவுரிமுத்து தரையைப் பார்த்தார். முதலாளியின் பிழைப்பும் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது.

ஹஃபீசா மனுவைக் கம்பிக்குள் தள்ளினாள். சீல் இரண்டு முறை இறங்கியது. நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு வெளியே வந்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் பக்கீர் முகமது.

"சீல்."

தேய்ந்த குரலில், இப்போது கட்சி ஆபீஸில் என்ன சொல்வது என்று அவர் கேட்டார். அது டிவிக் குரல் இல்லை. கல்யாணமான புதிதில், முதல் வழக்கில் தோற்றுவிட்டு வந்து பேசிய குரல்.

ஹஃபீசா துண்டுச் சீட்டைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஒன்பது வரி எழுதிக் கொடுத்திருக்கேன். அதுல ஒரு காப்பியை அவங்களுக்கே முதல்ல காட்டுங்க. படிச்சுட்டும் வேணும்னு சொன்னா, நிக்கறேன்னு சொல்லுங்க. போஸ்டர்ல ஒரே ஒரு படம்தான்னும் சொல்லிடுங்க."

மறுமுனையில் கட்சி ஆபீஸ் மின்விசிறி லொடலொடத்தது. அவருக்குப் பின்னாலிருந்து யாரோ உற்சாகமாகக் கேட்டார்கள்:

"என்ன வக்கீல் சார், அம்மா சம்மதிச்சாங்களா?"